கலோனல் மிஸ்

பொன்னாடை தோளில் விழுந்தபோதும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

போர்த்தியவர் தாளாளர் செங்கோட்டுவேல். பள்ளிக்கூடம் அவருடையது. மேடை, மைக், முன்வரிசை சோபா எல்லாமே அவருடையவை.

ஆண்டு விழா பாதி முடிந்திருந்தது. தொகுத்து வழங்குவது அவள்தான். ஆங்கிலத்தில். எங்கும் நா தடுமாறவில்லை. ஒரு நடனத்தின் நடுவில் பாட்டு நின்றுபோனபோதுகூட ஏதோ சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்துச் சமாளித்தாள். அதன் பிறகுதான் அவர் பொன்னாடையோடு மேடையேறினார்.

இப்போது மைக் அவர் கையில்.

“போன ஸ்போர்ட்ஸ் டேக்கு வந்தவங்களுக்கு இந்த டீச்சரை ஞாபகம் இருக்கும்.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஞாபகம் இருந்தது.

அன்று, வழக்கமாக அறிவிக்கும் ஆங்கில ஆசிரியை வரவில்லை. அறிவியல் பாடம் எடுக்கும் இவள் கையில் கடைசி நிமிடத்தில் மைக்கைத் திணித்தார்கள். சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. அழைப்பிதழில் இருந்த ஆங்கில எழுத்தை இருந்தபடியே வாசித்தாள்.

கலோனல்.

தாளாளர் எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கினார். “கர்னல்! கர்னல்னு சொல்லணும். இதுகூடத் தெரியாத ஆளுகளை வெச்சுக்கிட்டு நான் இங்கிலீஷ் மீடியம் நடத்தறேன் பாருங்க.”

மைதானமே சிரித்தது. கர்னலும் சிரித்தார்.

மைக் திரும்பி வரவில்லை. வெறுங்கையோடு மேடையைவிட்டு இறங்குவது எவ்வளவு தூரம் என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாளிலிருந்து அவள் கலோனல் மிஸ்.

அதே பள்ளியில் நாலாவது படிக்கும் மகள் கனிஷ்கா, இனிமேல் அப்பா வண்டியிலேயே போவதாகச் சொன்னாள். “வேன் வேண்டாம்மா.” அதுவரை அம்மாவோடு பள்ளி வேனில் போய்க்கொண்டிருந்தவள்.

வகுப்பில் பாடத்தை மாணவர்களையே வாசிக்கச் சொன்னாள். பலகையைப் பார்த்தே பேசினாள். நன்றாகத் தெரிந்த சொல்லும் உதடுவரை வந்து நின்றது.

வீட்டில், கைபேசியில் ஒவ்வொரு சொல்லாகப் போட்டுக் கேட்டாள். குக்கர் விசில் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு சொல்லிப் பார்த்தாள்.

பிறகு ஒரு மழை நாள். கரண்ட் போயிருந்தது. இதயத்தைப் பற்றிய பாடம். உடம்பெல்லாம் சுற்றிவிட்டு வரும் ரத்தம் எப்படி உள்ளே நுழைகிறது, எப்படி வெளியே தள்ளப்படுகிறது என்று கையை மூடித் திறந்து காட்டிக்கொண்டே போனாள். பாதியில்தான் கவனித்தாள். பலகைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

கடைசி பெஞ்சில் ஒருத்தி தன் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அழுதாள். மேடையிலிருந்து இறங்கிய அன்றுகூட அழாதவள்.

ஆண்டு விழாவைத் தொகுக்க யாரும் முன்வரவில்லை. தாளாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். யாருக்குத் துணிச்சல் வரும்? ஆசிரியர் கூட்டத்தில் இவள்தான் கையைத் தூக்கினாள்.

“நான் பண்றேனுங்க.”

அந்தக் கையை இப்போது தாளாளர் பிடித்து உயர்த்தினார்.

“கலோ...னல்னு சொன்னாங்க!” இழுத்துச் சொல்லிக் காட்டினார். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. “அன்னைக்கு இத்தனை பேர் முன்னாடி நாலு வார்த்தை கேட்டேன். கேட்டதுனாலதான் இன்னைக்கு இந்தப் போடு போடறாங்க. உளி பட்டாத்தானுங்க கல்லு செலையாகும்!”

கைதட்டல்.

பெற்றோர்கள் மனதாரத் தட்டினார்கள். சிலர் அவளைப் பார்த்தும் தலையசைத்தார்கள், அவள் சார்பில் சந்தோஷப்படுகிறவர்கள்போல.

மூன்றாவது வரிசையில் கனிஷ்கா, தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு கைகளையும் ஒட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

மாதக்கணக்கில் அவள் சிறுகச் சிறுகச் சேர்த்ததையெல்லாம் ஒரே வாக்கியத்தில் அவர் தன் பேருக்கு எழுதிக்கொண்டார்.

மைக்கை அவளிடம் நீட்டினார். மேடை நடுவில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நன்றி சொல்வாள் என்று.

வாங்கிக்கொண்டாள்.

கூட்டமும் காத்திருந்தது. ஆசிரியை மகள் என்பதால் கனிஷ்காவுக்கு இங்கே பாதிக் கட்டணம்தான். அதுவும் நினைவுக்கு வந்தது.

தெளிவான ஆங்கிலத்தில் அடுத்த நிகழ்ச்சியை அறிவித்தாள்.

யு.கே.ஜி. குழந்தைகளின் மயில் நடனம்.

பாட்டு தொடங்கிவிட்டது. அட்டைத் தோகை கட்டிய குழந்தைகள் இரண்டு பக்கமிருந்தும் ஓடிவந்தார்கள். நடுவில் தாளாளர். ஒரு மயில் அவர் முழங்காலில் முட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தது. அவர் சிரிப்பு மாறாமல், பின்னால் நகர்ந்து நகர்ந்து கீழே இறங்கினார்.

திரைக்குப் பக்கத்தில் தமிழாசிரியை பூங்கோதை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டீங்க? பதட்டத்துல நன்றி சொல்ல மறந்துட்டேன்னு போய்ச் சொல்லிருங்க. இப்பவே போங்க. விட்டுருவாரு.”

போனாள்.

மேடைப் படிக்குக் கீழே நின்றிருந்தார். அவள் வருவதைப் பார்த்ததும் முகத்தைக் கனிவாக்கிக்கொண்டார். மன்னிப்பதற்குத் தயாரான முகம். சொல்லவேண்டியதையும் அவரே எடுத்துக்கொடுத்தார்.

“மறந்துட்டீங்களா டீச்சர்?”

“மறக்கலைங்க சார்.”

அந்த முகம் கலையக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதுவரை அங்கேயே நின்றாள்.