எழுத்தை விழுங்கிய ரீடர்

டடக்... டடக்... டடக்.

கைலாசம் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் மேசையைத் தட்டும் ஓசை. இருபது வருஷம் போயும் அனிதாவின் காதை விட்டுப் போகவில்லை.

புதுச்சத்திரம் லாரி புக்கிங் ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த புதிது. புரோகிராம் எழுத வந்த மனுசன் அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவள் பில் அடிக்க அடிக்க இப்படித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சார், தூக்கம் வந்தா ஊட்டுக்குப் போய்ப் படுக்கலாமுங்க" என்றாள் அனிதா. ஆபீசே சிரித்தது. கைலாசமும் சிரித்தார்.

இன்றைக்கு அந்த இடத்தில் யோகேஷ். கைலாசம் வேலை பார்த்த அதே கம்பெனியிலிருந்து வந்திருக்கும் இளம் இன்ஜினியர். பழைய புரோகிராமைத் திறந்தவன் பார்த்துப் பார்த்துச் சிரித்தான்.

"இது கைலாசம் சார் எழுதினதுங்களாக்கா? அவருக்கப்புறம் யாரும் இதுல கையே வெக்கலை போல."

"அவரேதான். சரியான மந்தம், சாமி. என்ன பண்ணி வெச்சிருக்காரு?"

"இதுல ரீடர்னு ஒண்ணு இருக்குதுங்க்கா. நீங்க அடிக்கிற எழுத்தாகட்டும், ஃபைல்ல வர்ற எழுத்தாகட்டும், ஒவ்வொண்ணா வரிசையா வாங்கி உள்ள கொடுக்கறதுதான் அதுக்கு வேலை. வாங்கினமா, கொடுத்தமான்னு இருக்கோணும். இவரோட ரீடர் ஒரு எழுத்தை வாங்கிட்டுக் கண்ணு சிமிட்டற நேரம் சும்மா நிக்குது. அதுக்குள்ள அதே எழுத்து இன்னொருக்கா வந்தா, முழுங்கிப்போடுது!"

"எதுக்காம்?"

"அது அவருக்குத்தான் வெளிச்சம்."

உள்ளேயிருந்து முதலாளி சின்னராஜ் குரல் கொடுத்தார். "அந்தச் சனியனைத் தூக்கி வீசு தம்பி. மில்லுக்காரன் அனுப்பற லிஸ்ட்டை உள்ள ஏத்தறதுக்குள்ள லாரி ஓசூரையே தாண்டிருது. ஆனா ஒண்ணு. பில்லுல ஒரு எழுத்து மாறக் கூடாது. மாறினா செக்போஸ்ட்ல வண்டியப் புடிச்சு நிறுத்திப்போடறான். போன மாசம் பில் அடிச்ச சரவணக்குமாரை ஊட்டுக்கு அனுப்பினது அதுக்குத்தான். இனி ஆரு தப்பு அடிச்சாலும் அதே கதிதான்."

பிறகு குரலை இறக்கிக்கொண்டார். "நம்ம அனிதாவுக்கு அந்தப் பயமில்ல. வந்த முதல் வாரம் தடுமாறினதோட சரி."

அனிதா சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பின் ரகசியம் அவளுக்கும் நாமக்கல் ஆஞ்சநேயருக்கும் மட்டுமே தெரியும்.

சின்ன வயதில் காய்ச்சலில் படுத்து எழுந்தபோது வலது கையில் ஒரு நடுக்கம் தங்கிவிட்டது. டீ கிளாஸை இடது கையால்தான் எடுப்பாள். செல்போனில் பேச்சோடு சரி, எழுத்து அடிக்கமாட்டாள். ஆனால் இந்தக் கீபோர்டில் வைத்தால் மட்டும் கை அடங்கிவிடும். முதல் வாரம் பயந்து பயந்து அடித்தவள், அழுது வேண்டிக்கொண்டாள். அடுத்த வாரமே எல்லாம் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து வருஷம் தவறாமல் வடைமாலை சாத்துகிறாள்.

"ஆச்சுங்க்கா. புது ரீடர் போட்டுட்டேன். அடிச்சுப் பாருங்க, பறக்கும்" என்றான் யோகேஷ்.

அனிதா 'ராசிபுரம்' என்று அடித்தாள்.

திரையில் வந்தது: ரராசிபபுரம்.

"கீபோர்டு பழசுங்க்கா." வேறொன்றைக் கொண்டுவந்து மாட்டினான்.

'நாமக்கல்' என்று அடித்தாள். நநாமமக்கல்.

யோகேஷ் அடித்துப் பார்த்தான். சுத்தமாக வந்தது. அனிதா அடித்தாள். மறுபடியும் இரட்டை இரட்டையாக விழுந்தது.

இப்போது யோகேஷ் திரையைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். விரல் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே துடித்து, இன்னொரு தரம் பட்டது.

டடக்.

அனிதாவுக்கு இப்போது விளங்கியது. கைலாசம் அன்றைக்குத் தாளம் போடவில்லை. அவள் விரலின் நடுக்கத்தைக் காதால் அளந்துகொண்டிருந்தார்.

"என்ன தம்பி, ஆச்சா?" சின்னராஜ் எழுந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அனிதாவின் கை முந்தானைக்குள் போய் ஒளிந்தது.

யோகேஷ் சட்டென்று திரையை மறைத்தாற்போல் எழுந்து நின்றான்.

"இல்லீங்க சார். புதுசு சரியா வரலீங்க. எழுத்தை ரெண்டு ரெண்டாக் காட்டுது. என் தப்புதானுங்க. ஃபைலுக்கு மட்டும் புதுசை வெச்சுட்டு, கீபோர்டுக்குப் பழைய ரீடரே இருக்கட்டுங்க."

"படிப்பை முடிச்சுப்போட்டு வந்தியா, இல்ல பாதியில எந்திரிச்சு ஓடியாந்துட்டியா?" முதலாளி முனகிக்கொண்டே திரும்பிப் போனார்.

யோகேஷ் தலையைக் குனிந்துகொண்டு பழையதை ஏற்றினான். அனிதா 'நாமக்கல்' என்று அடித்தாள். நாமக்கல் என்றே வந்தது. எழுத்துகள் கண்ணில் கலங்கின.

"கைலாசம் சாரு இப்ப எங்க இருக்காரு, சாமி? ஒருக்காப் பார்க்கோணும்."

யோகேஷ் பழைய கீபோர்டை எடுத்து மறுபடி மாட்டினான்.

"எங்கன்னு யாருக்கும் தெரியலீங்க்கா. எங்க ஆபீசுல இன்னமும் அவரைச் சொல்லிச் சிரிப்பாங்க. எதுக்கு இப்படி மந்தமா எழுதி வெச்சிருக்கேன்னு பெரியவங்க கேட்டப்ப, அவர் வாயே தொறக்கலையாம். அதை எடு, இல்லீன்னா வேலைய விட்டுக் கிளம்புன்னாங்களாம்."

"அப்புறம்?"

"கிளம்பிட்டாருங்க்கா."