பூந்தியின் நகல்

ரிட்டயரான எனக்கு வீட்டில் கிடைத்த ஒரே உத்தியோகம் ஃபிரிட்ஜ் கழுவுவது. செத்துப்போன எங்கள் நாய் பூந்தியை குளோனிங் ஆய்வகத்தில் நகலெடுக்க எடுத்துவைத்திருந்த எச்சில் குப்பியை அப்படிக் கழுவும்போதுதான் குப்பையில் போட்டுத் தொலைத்தேன். என் மனைவி கோமளம் அழுதால் ஏழு தெருவுக்கு வெள்ளம் வரும். அதனால் பக்கத்து வீட்டு அருளப்பனின் கிழநாய் ராணிக்கு பிஸ்கட் கொடுத்து, அதன் வாயில் பஞ்சை உருட்டி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டேன். இரண்டும் செம்மண் நிறம்தானே!

சில மாதங்களில் குட்டி வந்தது. "அதே பூந்திங்க!" என்று கோமளம் ஆயிரம் முத்தம் கொடுத்தாள்.

மறுவாரம் ராணி செத்துப்போனது. குட்டியைப் பார்க்க வந்த அருளப்பன் அதன் மடங்கிய காதைத் தடவினார். "சார், எங்க ராணியும் குட்டியில இப்படியேதான் இருந்தா."

"பாவம், மனுஷனுக்கு எதைப் பாத்தாலும் ராணியாத் தெரியுது" என்று கோமளம் என் காதில் கிசுகிசுத்தாள்.

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அவள் மடியில் குட்டி தூங்குவதைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

"எனக்கு முழங்கால் வலி, அருளப்பன். தினமும் நீங்கதான் இவளை வாக்கிங் கூட்டிட்டுப் போகணும்."

இப்போது மாலைதோறும் அவர் சிரித்துக்கொண்டே குட்டியோடு கிளம்புகிறார். கோமளம் வலியே இல்லாத என் முழங்காலுக்குத் தைலம் காய்ச்சித் தேய்க்கிறாள். எரிமலைக் குழம்பை ஊற்றியதுபோல் எரிகிறது.