எந்தத் துப்பாக்கி?

முட்புதர்கள் மண்டிய ஒரு காட்டில் செவலையன் என்றொரு நரி இருந்தான். அவனுக்கும் மனைவி மினுக்கிக்கும் மூன்று குட்டிகள். இரை கிடைக்காமல் வளையில் ஒரே பசி.

ஒருநாள் காலையில் முயல் அலறும் சத்தம் கேட்டது. செவலையன் ஆவலோடு புதருக்குள் பாய்ந்தான். அங்கே முயல் இல்லை. முயலைப் போலவே கத்தும் ஊதலும் நீளமான துப்பாக்கியுமாக ஒரு வேட்டைக்காரர் உட்கார்ந்திருந்தார். நரி மடிமேலேயே வந்து விழும் என்று அவர் நினைக்கவில்லை. துப்பாக்கியைத் திருப்பினார், குழல் முள்ளில் மாட்டிக்கொண்டது. செவலையன் தப்பினான்.

மறுநாள் அவர் குட்டைத் துப்பாக்கியோடு வந்தார். செவலையன் தூரத்துப் பாறையை விட்டு இறங்கவே இல்லை. அவர் சுட்டது பாதி வழியில் புழுதியைத்தான் கிளப்பியது.

மூன்றாம் நாளும் ஊதல் கேட்டது.

"இன்னிக்குப் போகாதீங்க" என்றாள் மினுக்கி.

"பிள்ளைங்க பட்டினி கிடக்குதே!"

அன்று வேட்டைக்காரர் இரண்டு துப்பாக்கிகளையும் கொண்டுவந்திருந்தார். நீளத்தை எடுத்தார், வைத்தார், குட்டையை எடுத்தார். செவலையன் அவர் முதுகுப் பக்கமாக ஊர்ந்தான். பையிலிருந்து கோழி வாசனை வந்தது. அவர் மறுபடி நீளத்துக்குக் கை நீட்டிய நேரம், பிரியாணிப் பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு எடுத்தான் ஓட்டம்.

வளையில் ஒரே கும்மாளம். மினுக்கிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கடைக்குட்டி மட்டும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டது:

"அப்பா, முயல் எப்பவுமே இவ்வளவு காரமாத்தான் இருக்குமா?"