ஆட்டுத் தலை யாருக்கு?

"அந்தம்மா முன்னாடியா தலையை வைக்கிறீங்க?" ஆலைத் தொழிலாளி தோலெகன் எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டான்.

சிமென்ட் ஆலை மேலாளர் எர்ஜிகித் வீட்டில் தொழிலாளர்களுக்கு விருந்து. கசாக் வீடுகளில் வேகவைத்த ஆட்டுத் தலையைப் மிகுந்த மரியாதைக்குரிய விருந்தாளிக்குத்தான் வைப்பார்கள். அது சுற்றுச்சூழல் அதிகாரி குன்சுலுவின் முன்னால் இருந்தது.

ஆலைப் புகை அரசு கொண்டுவந்த புது வரம்பைத் தாண்டுகிறது என்று, நடுக்குளிரில் சூளையை நிறுத்திவைத்தவள் அவள். ஆலைக்காரர்கள் ஒரு மாதமாக அரைச் சம்பளத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எவனோ போன் போட்டுக் குடுத்தான், இந்தம்மா ஓடி வந்து பூட்டுச்சு. நம்ம வயித்துல அடிச்சவங்களுக்கு மரியாதையா? இல்ல, லஞ்சமாண்ணே இது?" தோலெகன் விடவில்லை.

குன்சுலு முகம் சிவக்க எழுந்தாள். "நான் சாப்பிட வரலை. புகைக்குப் போட்ட புது வடிகட்டியைச் சோதிச்சாச்சு, சரியா இருக்கு, நாளைக்கே சூளையை மூட்டலாம்னு சொல்லிட்டுப் போக வந்தேன்."

"உக்காருங்கம்மா," என்றார் எர்ஜிகித். "போன் போட்டது நான்தான்டா, தோலெகன்."

தட்டுக்குப் போன கைகள் அப்படியே நின்றன.

"வடிகட்டி வேணும்னு தலைமை ஆபீஸ்ல வருஷக்கணக்கா கெஞ்சினேன். சட்டமே கேக்கலை, நமக்கு எதுக்குச் செலவுன்னாங்க. சட்டம் வந்து, இவங்க பூட்டினதும், தானா லாரியில வந்து இறங்குது. இந்த வருஷம்தான் நம்ம தெருவுல பனி வெள்ளையாக் கிடக்கு. இவங்களுக்கு வைக்காம யாருக்குடா வைப்பேன்? மேல தெரிஞ்சா என் வேலை போகும். போகட்டும்."



குன்சுலு மெல்ல உட்கார்ந்தாள். "ஒரே ஒருத்தர் சொன்னா நாங்க கிளம்ப மாட்டோம்ணே. ரெண்டாவதா இன்னொருத்தரும் போன் பண்ணினதாலதான் வந்தோம்."

"அது யாரு?" என்றார் எர்ஜிகித்.

"அதை நான் சொல்லக் கூடாது."

தோலெகன் கத்தியை எடுத்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினான்.

"முதல் துண்டை நீங்க வெட்டுங்கக்கா. என் பொண்ணு இப்பதான் இருமாம தூங்குறா. யாரும் என்னைச் சந்தேகப்படக் கூடாதுன்னுதான் இத்தனை நாளும் உங்களைச் சத்தமாத் திட்டிக்கிட்டிருந்தேன்."