பாஸ்டரின் பாவ அறிக்கை

பாஸ்டர் ஜெபராஜைப் பிரசங்க மேடையிலிருந்து இறக்கி ஆறு மாதமாகிவிட்டது. அவரை மறுபடி ஏற்றுவதா வேண்டாமா என்று இன்று எங்கள் கிள்ளான் சபையில் ஓட்டெடுப்பு.

"பாவத்துல விழுந்தவரு நம்மள எப்படி நடத்துவாரு?" என்றார் மூப்பர் தேவசகாயம்.

"தாவீது ராஜாவே விழலையா அங்கிள்? ஒரு சான்ஸ் குடுங்க லா" என்றேன் சபைச் செயலாளரான நான். அவருக்குப் பதிலாகச் செராஸிலிருந்து வருகிற பாஸ்டர் இரண்டரை மணி நேரம் பிரசங்கிக்கிறார். எனக்குப் பசி தாங்கவில்லை.

"சரி, மொதல்ல சபை முன்னால பாவ அறிக்கை பண்ணட்டும்" என்றார் மூப்பர்.

பாஸ்டர் மைக்கைப் பிடித்தார். கையில் இரண்டு தாள்.

"ஆண்டவரை ஏமாற்றினேன். என்னை நம்பிய உங்களையும் ஏமாற்றினேன்" என்று தேம்பினார். முன்வரிசை ஆன்டிகள் விசும்பினார்கள். மூப்பரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஏத்துக்குறவங்க கையத் தூக்குங்க!" என்றேன். அத்தனை கைகளும் உயர்ந்தன.

பாஸ்டர் நெகிழ்ந்துபோய் இரண்டாவது தாளைப் புரட்டினார். "கடைசியாக, என் அன்பு மனைவி ரெபேக்கா, நீயும் என்னை மன்னித்துவிடு!"

அவர் மனைவி எழுந்தார். "என் பேரு புஷ்பம். யாருங்க அந்த ரெபேக்கா?"

பாஸ்டர் தாளை உற்றுப் பார்த்தார். "இதுல அப்படித்தான் போட்டிருக்கு."

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

இன்டர்நெட்டில் யார் யாரோ செய்த பிரசங்கங்களை எடுத்து, ஞாயிறுதோறும் தன்னுடையது போல வாசித்தார் என்றுதான் அவரை அன்றைக்கு மேடையிலிருந்து இறக்கியிருந்தோம்.