கருவாயன் வைத்த முத்திரை

மூத்திரத்துக்கு ரிப்பன் வெட்டிய முதல் குடியிருப்பு அதுவாகத்தான் இருக்கும். 'தூய்மை எல்லைத் திட்டம்' என்று பெயர் வைத்து, ஆய்வகத்தில் செய்த நாய் மூத்திரத்தைச் சுற்றுச்சுவரெங்கும் தெளித்தார்கள். தெருநாய்கள் அண்டவில்லை. உள்ளேயிருக்கும் காவல்நாய்கள் கடிக்காமலிருக்க, வீட்டுவேலைக்கு வருகிறவர்கள் மீதும் கேட்டிலேயே நிறுத்தித் தெளித்தார்கள்.

அப்படித் தெளித்த முதல் நாள் வேலை முடிந்து வந்த செங்கமலம், தன் தெருமுனையைத் தாண்ட முடியாமல் நின்றாள். தினமும் அவள் கையால் சோறு தின்னும் தெருநாய் கருவாயன், பல்லைக் காட்டி உறுமிக்கொண்டு வழியை மறித்தது. அவள் கைப்பிள்ளை பாலுக்கு வீறிடுவது அங்கே வரை கேட்டது.

அவள் சமைக்கும் வீட்டுக்காரரான குடியிருப்புச் சங்கச் செயலாளருக்குப் போன் போட்டாள்.

"குளிச்சாலும் அந்த வாடை போகாதும்மா. ஏற்றுமதித் தரம்!" என்றார் அவர், பெருமையாக.

கருவாயன் நெருங்கி வந்து மோந்தது. சட்டென்று காலைத் தூக்கி, அவள் புடவை நனைய அடித்துவிட்டு, வாலை ஆட்டி வழிவிட்டது.

பக்கத்து வீட்டு அஞ்சலை விழுந்து விழுந்து சிரித்தாள். "உன்னை மறுபடி நம்ம தெருவுல சேத்துக்கிச்சுடி!"

செங்கமலம் சிரிக்கவில்லை. போன் இன்னும் காதில்தான் இருந்தது.

"சார், நாளைக்கு இதே புடவையிலதான் உங்க சமையக்கட்டுக்குள்ள வருவேன். இனி என் மேல எவனாவது தெளிச்சான், நடக்குறதே வேற."