ராமபத்ரனைப் பார்க்க வந்தவர்

"இன்னிக்கு ஒரு மணிக்கூர் நீ வெங்கிட்டு இல்லை, உங்கண்ணா ராமபத்ரனாக்கும். மனசிலாச்சா?" என்று லோகாம்பாள் ஒரு காகிதத்தைக் கொழுந்தன் கையில் திணித்தாள்.

காகிதத்தின் தலையில் வழக்கம்போல் பிள்ளையார் சுழி. வெளுக்கப் போடும் துணிக் குறிப்புக்குக்கூட அவளுக்குச் சுழி வேண்டும். அதற்குக் கீழே, விருந்தாளி என்ன கேட்டால் என்ன சொல்வது என்று வரிசையாக நம்பர் போட்டு எழுதியிருந்தாள்.

"மன்னி, ரயில்ல ஏறி உட்காரத்தான் எனக்குத் தெரியும். அந்த மனுஷன் சுவிட்சர்லாண்டுலேந்து வரார். அண்ணா போய் மூணு வருஷமாச்சுன்னு சொல்லிட்டா என்ன?"

"அப்போ இந்த மூணு வருஷமும் எழுதினது யாருன்னு கேப்பாரே."

அதுதான் சிக்கல். ராமபத்ரனும் இன்று வரப்போகிற கெல்லரும் நேரில் பார்த்ததே கிடையாது. பதினோரு வருஷம் கடிதத்திலேயே பழகியவர்கள். கெல்லரின் நாட்டில் மலை ஏறுகிற ரயில்களின் சின்ன உருவங்களை ஒவ்வொன்றாக வரவழைத்து, மட்டாஞ்சேரி வீட்டு ஹாலில் பெரிய மேசை போட்டு ஓட்டினார் ராமபத்ரன். அவர் கண்ணை மூடிய பதினாலாம் நாள் கெல்லரின் கடிதம் வந்தது. வளைவில் எஞ்சின் இன்னும் கவிழ்கிறதா என்று கேட்டிருந்தார்.

'அவர் போய்விட்டார்' என்று எழுத லோகாம்பாளுக்கு மனசு வரவில்லை. கவிழத்தான் செய்கிறது என்று கணவரின் டைப்ரைட்டரிலேயே அடித்து, அவர் கையெழுத்தையும் போட்டு அனுப்பிவிட்டாள். பத்தாம் கிளாஸில் கடிதம் எழுதிப் பரிசு வாங்கிய இங்கிலீஷ் கைகொடுத்தது. அதற்கு வந்த பதிலை வைத்துக்கொண்டுதான் அவள் முதன்முதலாக ஒரு எஞ்சினைக் கையில் எடுத்தாள். பிறகு மாதம் ஒரு கடிதம், மாதம் ஒரு வேலை. அவை மட்டும் வராமல் இருந்திருந்தால் அந்த வீட்டில் எப்படி எழுந்து நடமாடியிருப்போம் என்று அவளுக்கே தெரியாது. அப்படிப்பட்டவர், ஏமாற்றிவிட்டார்கள் என்று மனசு நொந்து கப்பல் ஏறக் கூடாது. கப்பல் கொச்சியில் நிற்பது ஒரே ஒரு நாள்.

இரண்டு மணிக்குக் கெல்லர் வந்தார். மின்விசிறிக்குக் கீழே பிரம்பு நாற்காலியில் அவர். கன்ட்ரோல் பெட்டிக்கு முன்னால், காகிதத்தை மடியில் ஒளித்துக்கொண்டு முக்காலியில் வெங்கிட்டு. ஃபியூஸ் போனால் போட, எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் ராசப்பன் வாசற்படியில். அடுக்களை வாசலில் தரையில் லோகாம்பாள். சுவரில் படமாக இருந்த ராமபத்ரன் மட்டும் மாலையோடு அரிசி டிரம்முக்குப் பின்னால் போயிருந்தார். அந்த இடத்தில் எழுபத்தெட்டாம் வருஷக் காலண்டர் தொங்கியது.

வெங்கிட்டு முதல் கேள்விக்கு இரண்டாம் நம்பர் பதிலைச் சொன்னான். கெல்லர் பொறுமையாகத் தலையாட்டினார். 'முதலை' என்று அவர்கள் ஊரில் செல்லப் பெயர் வைத்த நீள மூக்கு எஞ்சின் எது என்று அவர் கேட்க, வெங்கிட்டு ஒரு பால் வண்டியைக் காட்டினான். ராசப்பன் இருமினான். அந்தப் பதற்றத்தில் வெங்கிட்டு கைப்பிடியை முழுக்கத் திருப்ப, நிஜ முதலை பாய்ந்து வந்து வளைவில் குப்புற விழுந்தது.

வெங்கிட்டு காகிதத்தில் தேடினான். இதற்கு நம்பர் இல்லை.

லோகாம்பாள் எழுந்தது அவளுக்கே தெரியாது. ஒரு தீப்பெட்டியைக் கிழித்து, அட்டையை வெளித் தண்டவாளத்துக்கு அடியில் செருகினாள். எஞ்சினை நிமிர்த்தி வைத்துக் கைப்பிடியை மெதுவாகத் திருப்பினாள். முதலை லேசாகச் சாய்ந்து வளைவைக் கடந்தது.

"அம்மா பாத்துப் பாத்துப் படிச்சதாக்கும், சாயிப்பே" என்று ராசப்பன் கெல்லரிடம் தமிழிலேயே சமாளித்தான்.

கெல்லர் காப்பியைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். கிளம்பும்போது ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, கை நீட்டிய வெங்கிட்டுவைத் தாண்டிப் போய் லோகாம்பாள் பக்கத்தில் வைத்தார். தான் போன பிறகு திறக்கச் சொன்னார்.

"எங்கிட்டன்னா குடுக்கணும்? நானன்னா ராமபத்ரன்" என்றான் வெங்கிட்டு, அவர் தெருமுனை திரும்பியதும்.

லோகாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நல்ல மனுஷரைப் பொய்யோடு அனுப்பிவிட்டோமே என்று மனசு குத்தியது. டைப்ரைட்டரை இழுத்து வைத்து, எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் அடித்தாள். துறைமுகத்துக்குப் போகிற ஆறு மணி போட்டைப் பிடித்தால் வெங்கிட்டு கப்பலிலேயே கொடுத்துவிடலாம்.

"பெட்டியைத் திறந்துட்டு உறையை ஒட்டுங்கோ மன்னி. என்ன குடுத்தார்னு தெரியாம என்னன்னு நன்றி சொல்றது?"

உள்ளே புத்தம் புதுப் பச்சை நிற முதலை. அந்த ஊர் ரயில்வே முத்திரை இருக்க வேண்டிய இடத்தில், கையால் வரைந்த பொன்னிறப் பிள்ளையார் சுழி. அடியில் ஓர் அட்டை:

"என் நண்பர் ராமபத்ரனின் கடிதங்களில் இந்தக் குறி ஒருநாளும் இருந்ததில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கடிதத்தின் தலையில் பேனாவால் போட்டிருந்தது. அவர் இல்லை என்று புரிந்து அன்றே அவருக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். கேட்டால் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிடுவீர்களோ என்று பயந்து கேட்கவில்லை. என் மனைவி போன பிறகு என் வீட்டுக்கு வருகிற கடிதம் இது ஒன்றுதான். நான் பார்க்க வந்தது உங்களைத்தான்."

லோகாம்பாள் நாலு பக்கத்தையும் எடுத்து ஓரமாக வைத்தாள். புதுத் தாளில் சுழி போட்டு, ஒரே ஒரு வரி நன்றி அடித்து, கீழே முதல் தடவையாகத் தன் பெயரை எழுதி, உறையை ஒட்டி, வெங்கிட்டுவைப் படகு ஜெட்டிக்கு விரட்டினாள்.